இரண்டு மீட்டர்

நரந்தூல் சந்தையில்
குதிரைச் சேணங்களுக்கும் சீனத்துக் காலுறைகளுக்கும் நடுவே
தகரப் பெட்டியொன்றில் ஏழு லென்ஸ்கள்.
விற்பவன் கையுறையைக் கழற்றவில்லை.
நான் கழற்றினேன்.
உலோகம் விரல்நுனியைக் கடித்து வைத்துக்கொண்டது.

ஒவ்வொன்றாக வானத்துக்குக் காட்டினேன்.
ஒன்றின் ஓரத்தில் பூஞ்சை.
ஒன்றில் துளையிதழ்கள் எண்ணெய் குடித்து
ஒன்றன்மேல் ஒன்று உறங்கிவிட்டன.
ஒன்று அப்பழுக்கில்லாமல் இருந்தது,
எனக்குப் பிடிக்கவில்லை.

ஹீலியோஸ், ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்.
முன்கண்ணாடியில் ஒரு கீறல்
வெளிச்சத்தில் நரைமுடிபோல் மின்னியது.
"படத்தில் தெரியவே தெரியாது" என்றான்.
தெரிந்தால்தான் வேண்டும் என்று
நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் விலை ஏறும்.

இன்னொன்று ஜப்பான் கண்ணாடி,
தோரியம் முதிர்ந்து தேநீர் நிறமாகிவிட்டது.
ஜன்னல் வெயிலில் சில வாரம் வைத்தால்
வெளுத்துவிடும் என்று அவனே சொன்னான்,
குறை சொல்லும் குரலில்.
அதையும் எடுத்துக்கொண்டேன்.

புது லென்ஸ் என்றால் யானை விலை, குதிரை விலை.
குதிரையாவது இங்கே மலிவு.
நொமுந்தாரி தன் பழைய காரை விற்றுத்தான்
இந்தப் படத்தை எடுக்கிறாள்.
அந்தக் காரில் ஒரு சக்கரம் அளவுக்குத்தான்
எனக்குப் பங்கு.

அடாப்டர் வளையம் ஆடியது.
சிகரெட் தாளை மடித்துச் செருகினேன்.

*

பயன்ஹோஷூ மேட்டில், இரவு, மைனஸ் முப்பத்தொன்று.
பேட்டரிகளை அக்குளில் வைத்துக் காத்தோம்
குஞ்சு பொரிப்பவர்கள் மாதிரி.
லென்ஸுக்கு அக்குள் கொடுக்க மறந்துபோனோம்.
ஐம்பது வருடத்துக் கிரீஸ் உறைந்து
குவிய வளையம் இரண்டு மீட்டரில் நின்றுவிட்டது.
முறுக்கினேன். ஊதினேன். ரஷ்ய மொழியில் திட்டினேன்,
ரஷ்யக் கண்ணாடிக்குப் புரியட்டுமென்று.
அசையவில்லை.

ஹாலியுன் தன் அங்கியின் இடைக்கச்சையை அவிழ்த்தாள்.
ஒரு நுனி முக்காலியில், மறுநுனி அவள் முஷ்டியில்.
"இதற்கு மேல் நான் வர மாட்டேன்,
இதற்குப் பின்னாலும் போக மாட்டேன்."

திரைக்கதையில் இருந்தது வேறு:
சியோலுக்குப் போகிறேன் என்று கணவனிடம் சொல்லிவிட்டு
ஓடி வந்து அவன் தோளில் அழ வேண்டும்.
கேமராவின் இடத்தில்தான் கணவன்.
அவள் இரண்டு மீட்டரில் நின்றாள்.
சொன்னாள்.
பின்னால் மேடெங்கும் கூடார வீடுகளின் விளக்குகள்
சுழன்று சுழன்று அவள் தலையைச் சுற்றின.
தெளிவாக இருந்தது அவள் முகம் மட்டும்;
மூச்சுவிட்டால் அதுவும் போனது, திரும்ப வந்தது.
'கட்' சொல்ல வேண்டியவள்
கையுறையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

*

கணினியில் எல்லாம் ஆறிய கஞ்சி நிறம்.
தெமூலென் எங்கிருந்தோ இருநூறு வண்ணக் கோப்புகள் கொண்டுவந்தான்.
ஒன்றைப் போட்டால் ஹாலியுன் மாம்பழமானாள்,
வானம் நீச்சல் குளமானது.
இன்னொன்றில் எங்கள் கரிப்புகை
தேனிலவுக்குப் போகிறவர்கள் பார்க்கும் பனிமூட்டமானது.
தெமூலென் மட்டும் கைதட்டினான்.

நொமுந்தாரி கேட்டாள்:
"நம் புகைக்கு என்ன நிறம்?"
மூன்று பேர், மூன்று நிறம் சொன்னோம்.
பிறந்ததிலிருந்து சுவாசிக்கிறோம்,
பார்த்ததில்லை.

பற்களுக்கு வெள்ளை நிறம் பொருத்துகிற வேலை ஹாலியுனுக்கு,
பகலில், ஒரு பல் மருத்துவமனையில்.
அவள் கோட்டுப் பையைத் துழாவி
ஒரு வாரம் அணிந்த முகக்கவசத்தை எடுத்து
மானிட்டர் விளிம்பில் தொங்கவிட்டாள்.
மூக்கு இருந்த இடத்தில் ஒரு வட்டம்:
பழுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை.
"இதற்குப் பொருத்து."

விடியும்வரை பொருத்தினேன்.
நீலத்தைக் குறைக்கக் குறைக்க
யாரோ அறைக்குள் இருமினார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

*

இது மே மாதம்.
மஞ்சள் லென்ஸ் இன்னும் இழுப்பறையில், வெயில் படாமல்.
அந்த முகக்கவசத்தைத் தெமூலென் குப்பையில் போட்டுவிட்டான்,
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
ஹீலியோஸ் வளையம் இப்போது வெண்ணெயில் கத்திபோல் சுழல்கிறது,
அரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை.
எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.
அடுத்த படத்துக்காக
ஒரு வாரமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறேன்.